இரண்டு சாம்பல்

கொளத்தூர், மூன்றாம் மாடி, மேற்கு அறை.
சுவரில் இரண்டு சதுரங்கள்,
விரித்த செய்தித்தாள் அளவு ஒவ்வொன்றும்.
அடியில் பென்சிலால் எண்கள்: 8318, 8319.

நான் இரவெல்லாம் ரத்தம் பரிசோதிக்கிறவள்.
காலை ஒன்பதுக்கு வந்து
பகலைச் சாத்திக்கொண்டு தூங்க
இருட்டாய் ஓர் அறை வேண்டும்.
"அப்ப கறுப்பே அடிச்சிடலாமேம்மா"
என்றார் பெயின்டர் காத்தவராயன்.
கறுப்பென்றால் மாமியாருக்குப் பதில் சொல்லி மாளாது.
ஆகவே சாம்பல். அடர்சாம்பல்.
சாம்பலுக்குள் இத்தனை பிரிவு இருப்பது
கடைக்காரர் அட்டையை விரித்தபோதுதான் தெரிந்தது.

பகல் இரண்டரைக்கு விழித்துப் பார்க்கிறேன்.
இடது, குட்டையில் இறங்கப்போகிற எருமை.
வலது, கரையேறி வந்த அதே எருமை.
வலதில் ஒரு சொட்டு நீலம் இருக்கிறது, சத்தியமாய்.

சற்குணம் கிண்டியிலிருந்து திரும்ப எட்டரை ஆகும்.
அந்நேரம் நான் பேருந்தில்.
டியூப்லைட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு அனுப்புகிறான்:
"நீலமா? எங்க?
லெஃப்ட்ல பிரவுன் அடிக்குது. ரைட்டுதான் சுத்தம்."
கூடவே ஒரு படம்.
படத்தில் இரண்டுமே பச்சை.

நீலத்திலிருந்து ஊதாவைப் பிரித்துச் சொல்லத்தான்
எனக்குச் சம்பளம்.
என்னிடமா?

ஆறு நாள் இப்படியே போனது.
"காஞ்சா ரெண்டும் ஒண்ணுதான்.
பெரம்பூர்ல ஒரு மண்டபம் எனக்காகக் காத்திருக்கு"
என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார் காத்தவராயன்.
பிரஷ்ஷை மட்டும் எங்கள் டப்பாவில் ஊறவைத்திருந்தார்.

ஞாயிறு.
எனக்கும் விடுப்பு, அவனுக்கும்.
மாலை ஐந்தேகாலுக்கு மழைமேகம் கூடி
வெயிலுமில்லை, விளக்குமில்லை.
இருவரும் சுவர்முன் நின்றோம்.
இந்த அறையில் இரண்டு பேரும் விழித்தபடி
கடைசியாய் நின்றது எப்போது?
பால் காய்ச்சிய அன்றா?

"நீலம் இருக்குடி" என்றான்.
எனக்கோ அப்போதுதான்
இடதில் பிரவுன் தெரிய ஆரம்பித்திருந்தது.
சொல்லவில்லை.

ஒரே நேரத்தில் கை நீட்டினோம், ஒரே சதுரத்துக்கு.
குனிந்து எண்ணைப் பார்த்தால்
ஈரத்துணி பட்டு இரண்டிலும்
831 மட்டும் மிச்சம்.

போன் போட்டோம். பின்னால் நாதஸ்வரம்.
"நாளைக்கு வந்து சொல்றேம்மா,
அதுவரைக்கும் பாத்துக்கிட்டு இருங்க."

தரையில் உட்கார்ந்தோம்,
பெயின்ட் சிந்தாத இடமாய்ப் பார்த்து.
தெருவில் யாரோ ஆட்டோவை உதைத்துக் கிளப்புகிறார்கள்.
முதலில் ஓரங்கள் போயின,
பிறகு எது எதுவென்பது.
ஏழு மணி வரைக்கும்
ஸ்விட்ச்சுக்கு இருவரும் எழவில்லை.