ஒறம்பரை

அறுப்பின் பண்டிகைக்கு இலை எண்ணுவது என் வேலை.
இருநூற்று நாற்பது, பூவன் இலை,
விடியுமுன் சூலூர் போய்ப் பேரம் பேசி வாங்கியது.
டோக்கன் அச்சடிப்பதும் நான்தான்.
முதல் பந்திக்கு நீலம், அடுத்ததற்கு மஞ்சள்.
நீலம் யாருக்கு, மஞ்சள் யாருக்கு என்று
எந்தக் கமிட்டித் தீர்மானத்திலும் எழுதியதில்லை.
எழுதாமலே என் கைக்குத் தெரிந்திருந்தது.

காலையில் எல்லாருக்கும் ஒரே பாத்திரம்.
போதகர் வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைத்துத் துடைத்து நீட்ட
ஒன்றன்பின் ஒன்றாக உதடுகள்.
ஜீவரத்தினம் முதலாளி முழங்காலிட்ட படியில்
இரண்டு ஆள் தள்ளி ரெபேக்காள்.
அந்த ஒரு மிடறு நேரம்
தறிச் சத்தமே நின்றுபோன மாதிரி இருக்கும்.
நிற்காது. சோமனூரில் தறி எதற்கும் நிற்காது.

அந்த அப்பம் நாக்கில் வைத்தால் கரையும்.
வாசமில்லை, யார் சுட்டது என்று கேட்க வழியில்லை.
சோற்றுக்கு வாசம் உண்டு.
கிண்டிய கை உண்டு, அந்தக் கைக்கு ஒரு தெரு உண்டு.

மத்தியானம் கோயிலுக்குப் பின்னால்
அரிசிம்பருப்பு வெந்து, சின்ன வெங்காயமும் பூண்டும்
காற்றோடு ரோடு வரைக்கும் போகும்போது
முதலாளி வண்டியை உதைப்பார்.
"வயிறு சரியில்லைங்க."
முப்பது வருஷமாகச் சரியில்லாத வயிறு.
எதனால் என்று யாரும் சொன்னதில்லை.
ரெபேக்காள் மட்டும்
"ஒறம்பரைக்குத் திங்கக் குடுத்து வெக்கலீன்னா
சோறு என்ன பண்ணுமுங்க" என்று
கரண்டியைக் குண்டா விளிம்பில் ஒரு தட்டு தட்டுவாள்.

இந்த வருஷமும் உதைத்தார். போனார்.

இருட்டியபின் வந்தான் ரூபன் திகல்,
நைட் ஷிப்டுக்கு முன்னால், தலையெல்லாம் பஞ்சு.
ஒடிசாக்காரன். முதலாளி தறியில்தான் ஓட்டுகிறான்.
அவன் ஊரில் ஒரு கோயில் இருந்ததாம்.
இருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்வான்.
மிச்சம் ஒரே இலை, ஓரம் வாடியது.
ரெபேக்காள் அடிச்சோற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் முதலாளி திரும்பி வந்தார்,
பெஞ்சில் விட்ட கண்ணாடிக் கூட்டைத் தேடி.
ரூபன் அண்ணாந்து பார்த்தான்.
இங்கே வந்து ஏழு மாசம், நாற்பது வார்த்தை தெரியும்.
எங்கள் ஊரின் அந்த "ங்க" மட்டும்
இன்னும் அவன் வாய்க்குள் நுழையவில்லை.
"முதலாளி. சோறு. வா."

வா.
நான் டோக்கன் கட்டைக் கீழே வைத்துவிட்டேன்.
பேரன் வயசுப் பையன், கூலிக்காரன், வா என்கிறான்.
சொல்லிக்கொண்டே இலையை நரம்போடு கிழிக்கிறான்,
ஒரு பாதியைத் தன் பக்கத்துத் தரையில் விரித்து
தண்ணீர் தெளித்துத் தடவுகிறான்.
கிழிந்த சத்தம் ரொம்பச் சின்னது.
எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும்.

உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் சொடுக்கின.
ரெபேக்காள் கரண்டியோடு நின்றாள்,
போடலாமா என்று கேட்காமல், போடாமல்.
அவர் இலையைக் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தினார்.

மூன்று கவளம் போனபின்
"உப்புக் கொஞ்சம் தூக்கலுங்க" என்றார்.
முப்பது வருஷத்தில் அவளிடம் அவர் சொன்ன
முதல் "ங்க" என்று நினைக்கிறேன்.
"அடிச்சோறு அப்பிடித்தானுங்க இருக்கும்" என்று
இன்னொரு கரண்டி வைத்தாள்.

பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. சங்கு ஊதியது, ரூபன் ஓடினான்.
அடுத்த ஞாயிறு அவரவர் பழைய இடத்தில்தான் இருந்தார்கள்.
வருகிற வருஷம் வண்டியை உதைப்பாரோ என்னவோ.
கணக்கு நோட்டில் கடைசி இலையை
ஒன்று என்று எழுதுவதா, இரண்டு என்று எழுதுவதா
தெரியாமல் விட்டிருக்கிறேன்.

இதையும் சொல்ல வேண்டும்.
அன்றைக்குக் குண்டாவைச் சாய்த்து
ரெபேக்காள் என்னிடம் கேட்டாள்: "உங்களுக்குங்க?"
ஆச்சுங்க என்றேன்.
மத்தியானமே. நீலத்தில்.
சொன்னபிறகுதான் பசித்தது.