ஒரு மணி நேரத்துக்குப் பதினோரு சதுர அடி

புதுப்பாளையத்தில் எங்கள் மனை ஐந்து சென்ட்.
வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர்
டேப்பின் ஒரு முனையை என்னிடம் கொடுத்துவிட்டுப்
பின்பக்கமாகவே நடந்தார்,
துவைக்கிற கல் இடறும்வரை.
இரண்டாயிரத்து நூற்று எழுபத்தெட்டு சதுர அடி.
எழுதிக்கொண்டார்.

கூரை எப்போது போட்டது என்றார்.
தானே அடித்த மறு வருஷம் என்றேன்.
அதற்கு முன்பு ஓடு.
ஒரே ராத்திரியில் அவ்வளவும்
கெடிலம் பக்கம் பறந்துபோயிற்று.
'அப்போ உங்க வீட்டுக்குப் பறந்த அனுபவம் இருக்கு'
என்று சிரித்துவிட்டு
தேய்மானம் பத்து சதவீதம் கழித்தார்.

ஒரு வீட்டுக்கு மூன்று விலை உண்டாம்.
வழிகாட்டி மதிப்பு, சந்தை மதிப்பு.
மூன்றாவதைக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:
அவசரமாக விற்றால் வருகிற விலை.
உள்ளே அம்மா மிக்சியை நிறுத்தினாள்.

நாற்பத்தெட்டு லட்சம்.
இருநூறு மணி நேரம்.
கணக்கில் நித்திலா என்னைவிடக் கெட்டி.
ஆனாலும் இந்த வகுத்தலை நான்தான் போட்டேன்,
சிப்காட்டில், இரவு ஷிப்டில்,
பாய்லர் லாக் ஷீட்டின் பின்பக்கத்தில்.
அவள் ஒரு மணி நேரம் பறந்தால்
எங்கள் மனையில் பதினோரு சதுர அடி.
சமையலறை எட்டு மணி நேரம்.
கக்கூஸ் இரண்டரை.
முருங்கை நிற்கிற மூலை முழுக்க
ராத்திரிப் பறப்புக்கே போய்விடும்.

மேனேஜர் நெல்லூர்க்காரர்.
தாய்ப்பத்திரம் வேண்டும் என்றார்.
'மதர் டாக்குமெண்ட், மதர்' என்று
அம்மாவைப் பார்த்தே சொன்னார்.
அம்மா தன் ஆதாரை எடுத்து நீட்டினாள்.

முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டோம்.
இல்லை என்று வந்தது.
இனிமேல் போட்டால் வரும்.

அண்ணன், பாத்தியஸ்தர், ஒன்பது இடத்தில் கையெழுத்து.
ஏழாவதில் என் பெயர்
வேறு யாருடையதோ போலிருந்தது.
மாடிக்கென்று விட்ட கம்பிகள் ஞாபகம் வந்தன.
நெல்லிக்குப்பத்தில் பெண் பார்க்கப் போன வீட்டில்
தையில் மாடி எடுக்கிறோம் என்று சொல்லியிருந்தோம்.
பேனா நிற்கவில்லை.
நின்றிருக்கலாம்.
கண்ணாடிக் கதவுக்கு வெளியே நித்திலா
எங்கள் மூன்று பேர் செருப்பையும்
திருப்பித் திருப்பி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மகாராஷ்டிரத்தில் மழையாம்.
மூன்று வாரமாய்ப் பறக்கவில்லை என்றாள்.
விமானம் நிற்கும், வட்டி நிற்காது
என்று நான் சொல்லவில்லை.
சாப்பாடு எப்படி என்று கேட்டேன்.

வேலை தருவதாக எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை.
அது அவளுக்கும் தெரியும்.
அவளுடைய சீனியர் ஒருத்தன்
லைசென்ஸை வைத்துக்கொண்டு
பாண்டியில் போன் கடையில் நிற்கிறான்.
லாஸ்பேட்டையில் விமானம் இறங்குகிற நேரம்
கஸ்டமரை ஒரு நிமிஷம் காக்க வைப்பானாம்.
கேலியாகத்தான் சொன்னாள்.

நேற்று சாயங்காலம் கூப்பிட்டாள்.
மூச்சு வாங்கியது.
'அண்ணா, இன்னிக்குப் பக்கத்து சீட்ல யாருமே இல்ல.'
எவ்வளவு நேரம் என்றேன்.
வாழ்த்துச் சொல்ல மறந்து
அதைத்தான் கேட்டேன்.
'பதினெட்டு நிமிஷம்.'

மாடிக்குப் போனேன்.
துருப்பிடித்த கம்பிகளுக்கு நடுவில்
செங்கல் துண்டால் கோடு போட்டேன்.
மூன்றேகால் சதுர அடி.
ஒரு ஆள் நிற்கலாம்.
உட்கார முடியாது.

நின்றேன்.
தேவனாம்பட்டினம் பக்கமிருந்து காற்று.
டேங்க் தண்ணீர் காலை நனைத்தபோதுதான் கேட்டது,
கீழே மோட்டார் சுவிட்சில் கை வைத்தபடி அம்மா
'நிரம்பிடுச்சாடா, நிரம்பிடுச்சாடா' என்று
கேட்டுக்கொண்டேயிருந்தது,
எவ்வளவு நேரமாகவோ.