ஆறு ஐம்பது முதல் ஏழு இரண்டு வரை

பால் கணக்கு நோட்டின் பின்னட்டையில்
எழுதி வைத்திருந்தேன் என் காலையை.

நாலரைக்கு எழும்ப.
நாலே முக்காலுக்குத் தண்ணீர்.
அது என் கையில் இல்லை,
குத்தாலிங்கம் கையில்.
வால்வு திறக்கிற அவன் சைக்கிள் பஞ்சரானால்
பேட்டையில் எங்கள் நாலு தெருவுக்கும் விடியாது.
அவன் கல்யாணத்துக்கு மூன்று நாள் லீவு போட்டபோது
மாற்றாள் வந்து
ராத்திரி பதினொன்றுக்குத் திறந்துவிட்டான்.
'எவன் மாப்பிள்ளையானா நமக்கென்னட்டி,
நம்ம பொழுதுல்லா பொரண்டு போச்சு'
என்றாள் எதிர்வீட்டு ஆவுடை,
நைட்டிக்கு மேல் துண்டும்
இடுப்பில் குடமுமாக.

முதல் வருஷத்துப் பட்டியல் ரொம்பக் கறார்.
அதில் தியானம்கூட இருந்தது, ஐந்து நிமிஷம்.
கண்ணை மூடினால் குக்கர் கூப்பிட்டது.
அடித்துவிட்டு, 'தேங்காய் துருவ' என்று எழுதினேன்.
கோலம் பதினோரு புள்ளியிலிருந்து ஏழாகி, ஐந்தாகி
மழை நாளில் ஸ்டிக்கருக்கு ஒதுங்கிக்கொண்டது.
சொதி ஞாயிற்றுக்கிழமைக்குப் போனது.
அவியளுக்கு டெப்போவில் முதல் டிரிப் விழுந்த மாதம்
இட்லி முன்னுக்கு வந்தது,
குளியல் பின்னுக்குப் போனது,
ஈரத்தலையோடு ஏற்ற வேண்டிய விளக்கு
ஈரக் கையோடு சமாதானம் ஆனது.
காய் நறுக்குவதை முந்தின ராத்திரிக்குத் தள்ளினேன்.
ராத்திரி முனகியது.
காலை ஒன்றும் நன்றி சொல்லிவிடவில்லை.

ஒரு வரியை மட்டும்
பன்னிரண்டு வருஷமாய் ரப்பர் தொட்டதில்லை:

ஆறு ஐம்பது முதல் ஏழு இரண்டு வரை
ரெட்டைச் சடை.

மாடிப்படியில் மூன்றாவதில் அவள்,
ஐந்தாவதில் நான்,
ரிப்பன் என் பல்லில்.
செங்கோட்டை வண்டி சத்தம் கேட்கும்போது
வலதுபக்கம் முடிந்திருக்க வேண்டும்.
எட்டாம் வாய்ப்பாடு அந்த முடிக்குள்தான் படிந்தது.
'வலிக்கும்மா, பைய.'
முகம் பார்த்துச் சொல்ல முடியாததையெல்லாம்
பிடரியைக் காட்டிக்கொண்டு சொன்னாள்:
தொலைத்த டிபன் பாக்ஸ்,
கணக்கில் முப்பத்தொன்று,
வயிற்றுவலி,
பிறகு ஒரு பையனின் பெயர்,
பிறகு அவன் பெயர் இனி வேண்டாம் என்பது.
நானும் கோபத்தையெல்லாம்
மூன்று பிரியாய்ப் பிரித்து
இறுக்கிக் கட்டிவிடுவேன்.

ஆடி பிறக்கும் முன்னே கோயம்புத்தூர் போனாள் செண்பகா.
மூன்றாம் வாரம் போனில் முகம் காட்டினாள்,
முடி கழுத்தளவு.
'நேரம் மிச்சம்மா' என்றாள்.

மிச்சமான நேரம்
இங்கேல்லா வந்து நிக்கு, மக்கா.

பன்னிரண்டு நிமிஷம்.
அதில் கீரை ஆய்ந்தேன், தீரவில்லை நேரம்.
படுத்தே கிடந்து பார்த்தேன்,
மின்விசிறியில் தூசி தெரிந்தது,
எழுந்து துடைத்தேன்.
நடக்கச் சொன்னார் சர்க்கரைக்குப் பார்க்கிற டாக்டர்.
வாய்க்கால் பாலம் வரை போய்
அடுப்பை அணைத்தேனா என்று ஓடிவந்தேன்.
அணைத்துத்தான் இருந்தேன்.
'அந்நேரம் எனக்கு இன்னொரு காப்பி தரலாம்லா'
என்று யோசனை சொன்னாவ அவிய.
அதை மட்டும் நோட்டில் ஏற்றவில்லை.

ஒருநாள் சும்மா போய்
ஐந்தாவது படியிலேயே உட்கார்ந்தேன்.
நாலரைக்குக் கிளிப்பில் செருகினால்
ராத்திரி வரை அவிழ்க்காத என் கொண்டை
கையில் வந்து விழுந்தது.
ஒற்றைச் சடைக்கு நாலு நிமிஷம்,
பின்னால் கை எட்டாததால் கொஞ்சம் கோணல்.
மீதி எட்டு நிமிஷத்துக்கு
இன்னும் ஒன்றும் எழுதவில்லை.
நேற்று வண்டி தாமதம்.
வரட்டும் என்று அப்படியே இருந்தேன்,
இட்லி கொஞ்சம் கூடுதலாய் வெந்தது.

நோட்டில் அந்த வரி அப்படியேதான்.
'ரெட்டை'யை மட்டும் பென்சிலால் சுழித்திருக்கிறேன்,
லீவுக்கு வருவாள்,
அதற்குள் எவ்வளவு வளருமோ.

அதுகிடக்கட்டும்.
நாளையிலிருந்து தண்ணீர்
ஐந்தே காலுக்குத்தான் என்று
வாசலில் நின்று சொல்லிப் போகிறான் குத்தாலிங்கம்.
ரப்பர் எங்கே வைத்தேன்.