ஒழுங்கை அகலம்

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை
ஒரு பிராடோவும் ஒரு பூனையும் போகிற அகலம்.

ஆகவே ஏழரைக்கு,
மகளைப் பள்ளியில் விட்டுத் திரும்பும் என் அல்டோ
பின்னுக்குப் போகும்,
கிளச் கருகும் மணத்தோடு
காலி வீதி மட்டும்.
மேலே ஒரு விரல் அசையும். நன்றியாம்.
கறுப்புக் கண்ணாடி. முகம் தெரியாது.

முழங்காலைத் தெரியும்.
பெற்றோலைப் பங்கிட்டுத் தந்த மாதங்களில்
பிராடோ உறை போர்த்திக் கிடந்தது.
என் பக்கத்து இருக்கையில்
தாடையில் முழங்கால் முட்டச்
சவுந்தரநாயகம்.
"சின்னன், ஆனா குடிக்காது" என்பார்,
டாஷ்போர்டைக் குதிரைபோல் தட்டி.
ஒருநாள் எங்கிருந்தோ
ஒரு பால்மா பக்கெற் கொண்டுவந்தார்.
விலை சொல்லவில்லை.

நேற்று மழை. சில்லு மூழ்கி அல்டோ நின்றது.
சப்பாத்தோடு நீரில் இறங்கி
கயிறு கட்டியவரும் அவர்தான்.
"பெரிசு ஒண்டு எடுங்கோ, பிள்ளை."
எடுக்கலாம்.
பிறகு இந்த ஒழுங்கையில்
யார் பின்னுக்குப் போவது?

இன்று வெயில். ஏழரை.
ரிவர்ஸ் விழ மறுக்கிறது.
விரல் அசைகிறது.
பால்மாவுக்கு நானா, பயணத்துக்கு அவரா,
கயிற்றுக்கு யார் என்று
கணக்குப் பார்க்குமுன்
முதுகுக்குப் பின்னால்
நூறாம் நம்பர் பஸ்
ஹோன் அடிக்கிறது.