இருபத்தாறு கேஜ்

டார்க் ரென்ச் டக்கென்று சொல்ல வேண்டும்.
சொல்லவில்லை.
எண்பத்தைந்தில் வைத்துத் திருகுகிறேன்,
போல்ட் சுற்றுகிறது, இன்னும் சுற்றுகிறது,
எதைக் கேட்டாலும் ஆகட்டுமுங்க என்று
தலையாட்டிவிட்டுப் போகும் ஒறம்பரை மாதிரி.

ஞாயிறு பதினொரு மணி.
அத்திப்பாளையம் பிரிவுக்கு உள்ளே மூன்றாவது சந்து.
முன் இடது சக்கரம் வாசலில் படுத்திருக்கிறது.
வண்டி மரக்கட்டை மேல்.
புது பேடுகள் உட்கார்ந்துவிட்டன.
காலிப்பரைத் தாங்கும் இரண்டு போல்ட்டில்
மேலது இறுகிவிட்டது.
கீழதற்குத்தான் மரை போயிருக்கிறது.

துளசிமணி டார்ச் பிடித்திருக்கிறாள்.
இன்னொரு கையில் எனக்கான காப்பி, ஆறிக்கொண்டு.

பின்னால் திருகி மெல்ல வெளியே எடுத்தேன்.
மரையின் பள்ளங்களில் இரும்புப் பொடி.
அதற்குள் ஒரு சிவப்பு மினுக்கம்.
நகத்தால் நெம்பினேன்,
சுருண்டு, நசுங்கி, வந்துகொண்டே இருக்கிறது
ஒரு செப்புக் கம்பி.

தேய்ந்த மரையில் கம்பியைச் சுற்றி
இறுகிவிட்டதாகக் காட்டியிருக்கிறான் எவனோ.
ஆர்.எஸ்.புரத்தில் ஆயில் மாற்றிய பையனா,
பொள்ளாச்சி ரோட்டில் பஞ்சர் பார்த்தவனா,
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வண்டியை வைத்து
இந்தப் பக்கம் பில்லை நீட்டினவர்களா?
அவன் கை விளங்காமப் போக என்று
சந்து முழுக்கக் கேட்கும்படி திட்டினேன்.

டார்ச்சைக் கிட்டே கொண்டுவந்தாள்.
"இருபத்தாறு கேஜ்" என்றாள்.

பம்ப் மோட்டாருக்குக் காயில் சுற்றும் பட்டறை எங்களுடையது.
கம்பியை விரலில் உருட்டியே அளவு சொல்லுவாள்,
மைக்ராமீட்டர் அப்புறம்தான் பேசும்.
நசுங்கியும் உரியாத அந்தத் தேன் நிற எனாமல்
எங்கள் ஸ்பூலில் வருவது.

அப்போதுதான் எனக்கு வந்தது ஞாபகம்.
மூன்று வருசம் முன்னால், ஒரு நாள் பொழுதோட.
விடிந்தால் அவள் தம்பி வீட்டுச் சீருக்குக் கிளம்ப வேண்டும்.
இதே ஓட்டை. இதே போல்ட்.
கை எட்டும் தூரத்தில் ஒரு துண்டுக் கம்பி.
"போச்சாது, வந்து பாத்துக்கலாம்."

உப்பு குறைந்தால் போச்சாது.
கைமாத்து வாங்கினவன் கண்ணில் படாமல் திரிந்தால்
நாலு நாள் பொருமிவிட்டுப் போச்சாது.
வந்த மேகம் பேயாமல் பாலக்காட்டுப் பக்கம் போனால்
அதற்கும்.
ஒரு பிரேக்குக்கும் சொல்லியிருக்கிறது
இந்த வாய்.

அவள் எதுவும் கேட்கவில்லை.
உதடு மட்டும் அசைந்தது. எண்ணுகிறாள்.
வால்பாறைக்கு ஏற நாற்பது வளைவு, இறங்க நாற்பது.
திம்பம் ஒரு தடவை, மழையில்.
பின் சீட்டில் சின்னவள் வாந்தி எடுத்த அந்த இறக்கம்.
எண்ணி முடித்து
காப்பியைச் செம்பருத்திக்கு ஊற்றினாள்.

கணபதியில் அங்கமுத்து லேத்து, பாதி ஷட்டர்.
குனிந்து நுழைந்தோம், அவளும்.
டிரில், டேப், ஹெலிகாயில்.
என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ,
முன்பணம் ஐநூறு கூடக் கேட்டார்.

துளையைப் பெரிதாக்கிப் புது மரை வெட்டினேன்.
அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால்.
முன்னாலேயே போனால் டேப் ஒடிந்து உள்ளே நின்றுவிடும்.
ஒவ்வொரு கால் சுற்றுக்கும்
எண்ணெய் ஒரு சொட்டு அவள் விட்டாள்.
ஹெலிகாயில் இறங்கியது. புது போல்ட்.
டக்.

சாயங்காலம் காளப்பட்டி ரோட்டில்
கூட்டமில்லாத இடமாகப் பார்த்து மிதித்தேன்.
நின்றது.
"இன்னொருக்கா" என்றாள்.
நின்றது.
"இன்னொருக்கா."
ஏழாவது தடவை, பேக்கரி முன்னால்
தேங்காய் பன்னும் டீயுமாக நின்றவர்களில் ஒருத்தர் சொன்னார்,
"மரை கழண்டிருச்சாட்ட இருக்குது, பாரு."

துளசிமணி கண்ணாடியை இறக்கினாள்.
"அது காலைலீங்க."
சிரிக்கவில்லை.
கண்ணாடியை ஏற்றிவிட்டு
என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்,
"இன்னொருக்கா."