பொருளாளர் குறிப்பு: செயின்ட் ஜான், நவம்பர்

காலையில் ஒன்பது பேர்தான் வந்தோம்.
பத்தாவது ஆளுக்காகக் கதவைத் திறந்தே வைத்தோம்;
குளிர்தான் வந்தது.
பல் மருத்துவர் மெந்தல் கடிகாரத்தைப் பார்த்தார்.
ஃப்ரூமா தெருவைப் பார்த்தாள்.
பத்துப் பேர் இல்லாமல் சொல்லக் கூடாதவற்றைச்
சொல்லாமல் விட்டோம்.
தோராச் சுருள் பேழையை விட்டு வெளியே வரவில்லை.
சபத் அன்று பேனா தொடுவதில்லை,
மனதில் குறித்துக்கொண்டேன்: ஒன்பது.

மாலை.
மெரிடியன் திரையரங்கு,
இருநூற்றுப் பதினெட்டு இருக்கைகள்,
அதில் பதினொன்று உடைசல்.
எங்கள் யூதத் திரைப்பட விழாவுக்குப் பதினான்காம் ஆண்டு.
வானில் மூன்று நட்சத்திரம் தெரிந்த பிறகுதான்
டிக்கெட் கிழிக்க வேண்டும்.
யார் போட்ட விதி என்று கேட்காதீர்கள்.
கூட்டக் குறிப்பில் இருக்கிறது, என் கையெழுத்தில்;
எதிர்த்து விழுந்த ஒரே ஓட்டும் என்னுடையதுதான்.

வரிசை மூலை திரும்பி மீன்கடை வரை.
காகித ஆலையின் பகல் ஷிஃப்ட்,
கத்தோலிக்கப் பாடகர் குழுவில் பாதி,
ரொட்டிக்கடை நபீஹா, கையில் எள் தூவிய பொட்டலம்,
வீட்டில் ஹீட்டர் பழுதான இரண்டு பையன்கள்,
படம் என்னவென்றே அவர்களுக்குத் தெரியாது.
எல்லோரும் அண்ணாந்து நிற்கிறார்கள்.
மேலே
ஃபண்டி வளைகுடா முழுவதும் எழுந்து வந்ததுபோல்
மூடுபனி.

"பஞ்சாங்கத்தில் ஐந்து முப்பத்தெட்டு என்று போட்டிருக்கிறது,
அது போதும்," என்றார் மெந்தல்.
"பஞ்சாங்கம் போட்டவனுக்கு இந்தப் பனி தெரியுமா?"
ஆலையில் கூழ் காய்ச்சும் மாட் சொன்னாள்.
ஞாயிற்றுக்கிழமைகூடத் தன் கோயிலுக்குப் போகாதவள்.
பதினான்கு ஆண்டில் இவர்கள்
எங்களைவிடக் கறாராகிவிட்டார்கள்.

லாப்ஸ்டர் படகுக்கார ஒடிலோன்தான்
துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் மைத்துனனை
போனில் பிடித்தான்.
அங்கே உச்சியில், பனிக்கு மேலே,
தனியாக ஒரு மனிதன், கண்ணாடிக் கூண்டில்.
ஸ்பீக்கரில் கரகரத்தது குரல்:
ஒன்று.
இரண்டு.
பொறு, பொறு...
இல்லை, அது விமானம்.
தெருவே மூச்சை அடக்கிக்கொண்டது.
நான்கு நிமிடம்.
மூன்று!
கைதட்டல் எழுந்தது. பனி அசையவே இல்லை.

முழுநீளப் படம் சுமார்தான்.
ப்யூனஸ் ஐரிஸில் ஒருவன் அப்பாவின் தையல் இயந்திரத்தைத் தேடுகிறான்,
கிடைக்கவில்லை, நூற்றிருபது நிமிடம்.
அதற்கு முன்னால் ஓட்டினோமே, அந்த நான்கு நிமிடச் சுருள்,
அதைச் சொல்ல வேண்டும்.
மூடிப்போன இரும்புக்கடைப் பரணில்,
பிஸ்கட் டப்பாவில் கிடைத்தது.
ஆண்டு முப்பத்தேழு. சத்தமில்லை.
இதே தெரு, இதே சரிவு.
என் பெரியப்பா கடைவாசலில் தொப்பியைக் கழற்றுகிறார், மாட்டுகிறார்,
கேமராவுக்கு என்ன செய்வதென்று தெரியாமல்
மறுபடி கழற்றுகிறார்.
ஐஸ் கட்டியைத் தோளில் சுமந்து
ஒரு பையன் ஓடுகிறான்.
இருட்டில் கத்தினாள் மாட்:
"ஐயோ, அது எங்க க்ளெமான் மாமா!"
பிறகு அரங்கம் அடங்கவில்லை.
அந்தக் குதிரைகூட யாருடையது என்று சொன்னார்கள்.

கடைசியில் ஒரு சிறுமி, கோடுபோட்ட கோட்டு,
சட்டத்தின் ஓரத்தில் நடந்து
வெளியே போகிறாள்.
சுருட்டித் திரும்ப ஓட்டினோம்.
மூன்று முறை.
யாரும் பெயர் சொல்லவில்லை.

சபத் முடிந்துவிட்டது, பேனா எடுத்தேன்.
காலை: ஒன்பது.
மாலை: இருநூற்றுப் பதின்மூன்று, நின்றவர்கள் உட்பட.
பாப்கார்னில் நட்டம், நாற்பது டாலர்.
கோடுபோட்ட கோட்டு: தெரியவில்லை.

சோளப்பொரியைக் கூட்டித் தள்ளிக்கொண்டே ஒடிலோன் கேட்டான்:
"காலையில் ஒரு ஆள் குறைந்ததாமே.
அடுத்த சனிக்கிழமை நான் வரட்டுமா?"
வரலாம். ஆனால் எண்ண முடியாது, என்றேன்.
"எண்ண வேண்டாம்.
சும்மா உட்கார்ந்திருக்கிறேன்."

கதவுப் பக்கம்தான் இடம் இருக்கும்,
குளிரும்,
கம்பளி கொண்டு வா.