மூன்றாவது பச்சை

ராஜமுந்திரியிலிருந்து நாற்பத்தொரு பேர்,
மேல் அடுக்கில் பூதரேகுலுப் பெட்டிகள்,
மடியில் தூங்கும் ஒரு குழந்தை.
எண்ணூர் முகத்துவாரம் தெரிந்ததும்
நெம்புகோலைக் கீழே தள்ளினேன்.
இடது சக்கரம் பச்சை.
வலது சக்கரம் பச்சை.
மூக்குச் சக்கரத்தின் இடத்தில்
ஒரு கறுப்புப் பொட்டு.

கேப்டன் கொரியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.
சோதனைப் பொத்தானை அழுத்தினால் எரிகிறது.
விட்டால் இருட்டு.
எங்கள் வீட்டுக் குளியலறை பல்பும் இப்படித்தான்,
சுவிட்சுப் பலகையில் ஓர் அறை விட்டால் வழிக்கு வரும்.
கை தானாக எழுந்தது.
"தட்டாதே செலினா" என்றார்.

மூவாயிரம் அடியில் சுற்ற அனுமதி கேட்டேன்.
வானொலியில் பேசும் என் வாய்
இஸ்திரி போட்ட இங்கிலீஷ்.
உள்ளே பேசுவது காசிமேடு:
இன்னாமே, எறங்க மாட்டியா,
இத்தினி பேரை வெச்சிக்கினு வெளாடறியா.

நான் கையேட்டின் வரிகளைப் படிக்க
அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார்.
கீழே சாம்பல் குளம், அனல்மின் நிலையம்,
கொசஸ்தலையில் அசையாத நாலு படகு,
மணலி ஆலையின் தீநாக்கு.
சக்கரங்களை உள்ளிழுத்து மறுபடி விட்டோம்.
இரண்டு பச்சை, ஒரு கறுப்பு.
மீண்டும் சாம்பல் குளம். மீண்டும் தீநாக்கு.
மூன்றாம் தடவை அதைப் பார்த்ததும்
ஏழாம் வரிசை மீஞ்சூர்க்காரர்
"இதுவும் மணலிதானேம்மா?" என்று கேட்டாராம்.
இன்டர்காமில் சொன்ன தமயந்தி
குரலைத் தாழ்த்தினாள்: "என்ன சொல்லட்டும்?"

உள்ளதைச் சொல்.
ஒரு விளக்கு எரியவில்லை என்று சொல்.
தலையைக் குனிந்து முழங்காலைப் பிடிக்கக் கற்றுக்கொடு,
குழந்தையின் அம்மாவுக்கு முதலில்.

கடைசிப் பத்தியில் கையேடு
கையை விரித்துவிடுகிறது:
அழுத்தத்தை விடு, பூட்டை அவிழ்,
தன் எடையால் தானே விழட்டும்.
கைப்பிடியை இழுத்தேன்.
காலுக்கடியில் டொம்மென்று ஒரு சத்தம்.
சக்கரமா, என் நெஞ்சா,
பொட்டு கறுப்பாகவே இருந்தது.

மீனம்பாக்கத்தில் தாழப் பறந்து காட்டினோம்.
தூரக்கண்ணாடியில் பார்த்தவர் சொன்னார்:
"இறங்கியிருப்பது போலத் தெரிகிறது."
போல.
அந்த ஒரு சொல்லின் மேல்
எங்களையும் சேர்த்து நாற்பத்தைந்து பேரை
இறக்கியாக வேண்டும்.

பின்சக்கரங்கள் தொட்டன.
பொங்கப்போகும் பாலைத் தூக்கிப் பிடித்தவர்போல
கொரியன் மூக்கை மேலேயே வைத்திருந்தார்,
வேகம் தீரும்வரை,
இனி முடியாது என்னும்வரை.
மூக்கு தாழ்ந்தது.
தாழ்ந்தது.
இருந்தது சக்கரம்.

கைதட்டல் கேட்டது. யாரோ வாந்தி எடுத்தார்கள்.
தீயணைப்பு வண்டிகள் ஒன்றும் செய்யாமல்
கூடவே ஓடி வந்து நின்றன.
கொரியன் நேரத்தைக் குறித்தார்,
பேனா இரண்டு முறை வழுக்கியது.

ராத்திரி கொட்டகையில் மதார் சாகிப்
மூக்குக்கடியில் படுத்து
ஓர் இணைப்பைக் கழற்றிக் காட்டினார்.
செம்பு முனை நெடுக உப்புக்காற்றின் களிம்பு.
டார்ச் வெளிச்சத்தில்
நல்ல பச்சை.

பத்தரை மணிக்கு ஆட்டோவைவிட்டு இறங்கினேன்.
எதிர்வீட்டு எஸ்தர் அக்கா
மீன் அன்னக்கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.
"சாயங்காலம் ஒரு பிளேனு
மூணு நாலு தபா இங்கியே சுத்திச்சே, பாத்தியா?
நாயுங்கோ கொலைச்சிக்கினே கீது.
வழி தெரியாதவன் போல."

"போலக்கா" என்றேன்.

குளியலறை சுவிட்சைப் போட்டேன்.
எரியவில்லை.
பலகையைத் தட்டாமல்
இருட்டிலேயே குளித்தேன்.